கிடங்கின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறர் வேண்டாமென்று ஒதுக்கும் துணி, பொத்தான் போன்றவற்றைச் சேர்த்துக் கலைப் பணிகளுக்குத் தர மாநகர நிர்வாகங்கள் நடத்தும் மறுபயன்பாட்டுத் திட்டங்களைத் தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நியூயார்க் அரசுப் பள்ளி ஒன்றின் ஆசிரியையாக, இந்நகரின் 'மெட்டீரியல்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்' கிடங்கைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

1978-இல், சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சிசாலையில் மருந்து வைக்கக் குளிர்பதனப் பெட்டி தேவைப்பட்டபோது, நகரப் பண்பாட்டுத் துறையில் இருந்த ஓவியர் ஏஞ்செலா ஃப்ரீமான்ட் யாராவது நன்கொடையாகத் தருவார்களா என்று வானொலி மூலம் கேட்டதிலிருந்து பிறந்த திட்டம் இது. இன்று லாங் ஐலண்ட் சிட்டியில் 35,000 சதுர அடியில் கிடங்கு இருக்கிறது. துப்புரவுத் துறையும் கல்வித் துறையும் பங்காளிகள். கலைக்கும் துப்புரவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நகரத்தின் குப்பையை வெளியூருக்கு அனுப்பக் கூலி கொடுப்பது துப்புரவுத் துறைதான். ஆகவே குப்பைக்குப் போகாத ஒவ்வொரு துணிச்சுருளும் அதற்கு மிச்சம். கிடங்கு கைமாறினால் மிச்சம் நகரத்துக்கும் செலவு தொண்டு நிறுவனத்துக்கும் என்றாகிவிடும்.

சான் பிரான்சிஸ்கோவில் 1976 முதல் இதே போன்ற பணியைச் செய்துவரும் 'ஸ்கிராப்' ஒரு தொண்டு நிறுவனம்; எவரும் உள்ளே போகலாம், ஆனால் குறைந்த விலையேனும் கொடுத்தாக வேண்டும். நியூயார்க்கில் தனிநபருக்கு அனுமதியில்லை; பதிவு செய்த பள்ளிகளுக்கும் கலை அமைப்புகளுக்கும் எல்லாம் இலவசம். முன்னதைக் குறை சொல்ல மாட்டேன், தனியாக வரையும் ஏழை ஓவியருக்கு அதுவே உதவும். ஆனால் விலைச்சீட்டு ஒட்டியிருந்தால், சென்ற பருவத்தில் என் வகுப்பு நாடகத்துக்கு ஊதா நிறத் திரைத்துணியும் ஒரு பெட்டி நிறைய ஜோடி சேராத பொத்தான்களும் எடுத்து வந்திருக்க மாட்டேன். (பொத்தான்களைத் துளைகளின் எண்ணிக்கைப்படி பிரிப்பதிலேயே பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை போய்விட்டது.)

நிதி திரட்டவும் வகுப்புகள் நடத்தவும் இக்கிடங்குக்குத் துணையாக ஒரு தொண்டு நிறுவனம் ஏற்கெனவே இருக்கிறது, நன்றாகவே செய்கிறது. அந்த அளவோடு நிற்கட்டும் என்பதே என் கருத்து. எந்த நகரமாவது முழுவதையும் கொடுக்கத்தான் போகிறது என்றால், கட்டட வாடகையை யார் கட்டுவது, பள்ளிகளுக்கு இலவசம் எத்தனை ஆண்டு தொடரும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டுப் பிறகு சாவியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குயின்ஸ், நியூயார்க்.