மாதாந்தக் கிளினிக்குகளில் தொழில்வழிச் சிகிச்சையாளரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எனது தாயாருக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் ஏற்பட்டு ஒன்பது ஆண்டுகளாகின்றன. மாதந்தோறும் கிளினிக் கொப்பியோடு பஸ் ஏறிப் போய் மருந்தெடுத்து வருகிறோம். ஒரு மாதமும் தவறியதில்லை. ஆனால் கப்பிக் கயிற்றை அவரால் பற்ற முடிகிறதா, சோறு வடிக்க முடிகிறதா, சட்டைக்கு ஊசி குத்திவிடுவது யார் என்று இத்தனை காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரை முதன்முதலாகச் சந்தித்தோம்.

பெயரைக் கேட்டதும் தையல் போன்ற ஏதோ கைத்தொழில் பழக்குவார்கள் என்றே நான் நினைத்தேன். எங்கள் அயலிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் குளிப்பது, உடுப்பது, சமைப்பது, கோயிலுக்குப் போவது என்று ஒருவர் அன்றாடம் செய்யும் அத்தனையும் இங்கு தொழிலில் அடங்கும். நோயோடும் அவற்றைச் செய்ய வழி பழக்குபவரே இந்தச் சிகிச்சையாளர்.

போத்தல் மூடியை விரல் நுனியால் திருகாமல் உள்ளங்கையால் அழுத்தித் திறக்கவும், கடைப்பையை விரல்களில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டவும், சட்டியை இரு கைகளாலும் ஏந்தவும் அவர் அம்மாவைப் பழக்கினார். சிறிய மூட்டு சுமக்கும் பாரத்தைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவதே இதன் அடிப்படை. அகப்பைக் காம்பில் பழைய சைக்கிள் ரியூப்பைப் பட்டையாக வெட்டிச் சுற்றச் சொன்னார். காம்பு தடித்தால் விரல்களை இறுக மடக்கத் தேவையில்லை. அன்றிரவே சுற்றிக் கொடுத்தேன். மறுநாள் கறியை அம்மாவே துழாவினார்.

நோ குறைந்த நாளில் முற்றம் கூட்டி, உடுப்புத் தோய்த்து, மாவும் அரித்துவிட்டு, அடுத்த இரண்டு நாளும் எழும்ப முடியாமல் கிடப்பது அவரது வழக்கமாக இருந்தது. நாங்கள் அதை நோயின் குணம் என்று விட்டுவிட்டோம். வேலைகளை நாட்களுக்குப் பிரித்து, களைப்பு வரும் முன்பே இருந்து ஆறுவதும் சிகிச்சைதான் என்பதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால், அவர் பாயில் கழித்த நாட்களில் எத்தனையோ குறைந்திருக்கும்.

இது அம்மாவோடு முடியும் விடயமன்று. பாரிசவாதம் வந்தவர் சட்டையைப் போடும்போது இயங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பதும், நீரிழிவால் கால் மரத்தவர் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் பழகித்தான் வரும். 2009 வரை நீடித்த போரில் ஒரு கையை இழந்தவர்களுக்கும் வன்னியில் இப்போது வயதாகிறது. எல்லா வேலையையும் சுமந்த மற்றத் தோளும் வலிக்கத் தொடங்கினால் அவர்கள் யாரிடம் போவார்கள்?

எனவே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பிரதேச வைத்தியசாலைகளில் கிளினிக் நாளில் மாதம் ஒருமுறையாவது தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் இருப்பதற்குச் சுகாதார அதிகாரிகள் ஒழுங்கு செய்ய வேண்டும். கிணற்றுக்கட்டின் உயரத்தையும் மலசலகூடத்தின் படியையும் நேரில் பார்க்க வேண்டியிருப்பதால், வர முடியாதவர்களின் வீட்டுக்கு அவர் போகும் வசதியும் வேண்டும். அதுவரை, நோயாளிக்கு எந்த வேலை முடியாமல் போயிற்று என்பதை மருந்தின் பெயர்களோடு கிளினிக் கொப்பியில் எழுதும் வழக்கத்தையாவது தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
விசுவமடு.