தனாங்கின் இருபது மாதங்கள்

அன்புள்ள சண்முகம்,

ஏழு மாதங்களாக எழுதாததற்கு ஜகார்த்தாவின் போக்குவரத்து நெரிசலைக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆகவே சோம்பல் என்றே ஒப்புக்கொள்கிறேன். இங்கே அனைவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா?

இப்போது எழுதவைத்தவர் அகமது தௌஃபிக். பாண்டுங்கில் சட்டம் படித்தபோது மாணவர் போராட்டங்களில் நின்றவர், பின்பு டெம்போ வார இதழின் செய்தியாளர். கிழக்கு ஜெர்மனியின் 39 பழைய போர்க்கப்பல்களை வாங்குவது பற்றி அமைச்சர்களுக்குள் மூண்ட சச்சரவை எழுதிய டெம்போவை, 1994 ஜூன் 21 அன்று இந்தோனேசியாவின் சுகார்த்தோ அரசு மூடியது. ஆகஸ்டில் செய்தியாளர்கள் கூடிச் சுதந்திரப் பத்திரிகையாளர் கூட்டணியைத் தொடங்கியபோது, தலைமைப் பொறுப்பு 29 வயது தௌஃபிக்கின் தோளில் விழுந்தது. உரிமம் இல்லாமல் 'இண்டிபெண்டென்' என்ற இதழை நடத்தினார்கள். 1995 மார்ச்சில், பெருநாளையொட்டிய சந்திப்பிலேயே போலீசார் வந்துவிட்டார்கள்.

வக்கீலய்யா, இதைக் கேள்: அரசின்மீது வெறுப்பைப் பரப்பியதாக அவர்மேல் பாய்ந்த 154ஆம் பிரிவை, நீ வாய் ஓயாமல் வசைபாடிய நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ ராஜத்துரோகப் பிரிவைப் பார்த்துத்தான் இங்கே ஆண்ட டச்சுக்காரர்கள் வகுத்தார்களாம். வெள்ளைக்காரன் நமக்குத் தைத்த சட்டையின் அளவை இரவல் வாங்கி இவர்களுக்கும் தைத்திருக்கிறார்கள்! அரசியல் சாசன நீதிமன்றம் அதைக் கழற்றியது 2007இல்தான்.

தௌஃபிக்குக்கும் சக செய்தியாளர் எக்கோ மர்யாடிக்கும் 32 மாதச் சிறை. மேல்முறையீட்டில் அது மூன்றாண்டாகக் கூடியது. தௌஃபிக்குக்கு அந்த ஆண்டே நியூயார்க்கிலிருந்து பத்திரிகைச் சுதந்திர விருதும் வந்தது. 2003இல், ஒரு தொழிலதிபரைப் பற்றிய கட்டுரைக்காக ஒரு கும்பல், மீண்டும் வெளிவரத் தொடங்கியிருந்த டெம்போவின் அலுவலகத்துக்கே வந்து மிரட்டியபோதும் அவர் அசரவில்லை. 2017இல் நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

ஆனால் என்னை உறங்கவிடாதவன் தனாங் குகு வர்டோயோ. பதினெட்டு வயது, அந்தக் கூட்டணியின் அலுவலக உதவியாளன். ஒரு வரியும் எழுதாத அந்தப் பையனுக்கு 20 மாதச் சிறை. எழுதியவர்களுக்கு, தாம் எதற்காக உள்ளே போகிறோம் என்று சொல்லிக்கொள்ளக் கொள்கையாவது இருந்தது. அவன் தன் தாயிடம் என்ன சொல்லியிருப்பான்? விருதுச் செய்திகளில் அவன் பெயரைத் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

சண்முகம், நாம் நடத்திய விடுதி இதழின் கையெழுத்துப் பிரதியை உருட்டச்சுக் கடைக்குக் கொண்டுபோய், மைக்கறை படிந்த கட்டுகளோடு சைக்கிளில் திரும்பிவருவானே ஒரு பையன், விடுதிச் சமையற்காரரின் மகன்? ஒவ்வோர் இதழிலும் உன் பெயரும் என் பெயரும் இருந்தன. அவன் பெயர் எனக்கு நினைவில்லை. உனக்கு நினைவிருந்தால் உடனே எழுது. என் ஒற்றுப்பிழைகளை அடுத்த கடிதத்தில் திருத்திக்கொள்ளலாம்.

உன்,
கண்ணன்