ஓதம் ஏறிய சுவருக்கு எமல்ஷன் மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு பருவமழைகளையும் பெறும் குமரி மாவட்டத்தில், அதிலும் களியக்காவிளை, பளுகல் போன்ற கேரள எல்லை ஊர்களில், ஜூன் தொடங்கி டிசம்பர் வரை சுவர்கள் முழுமையாகக் காய்வது அரிது. எங்கள் பகுதி அங்கன்வாடி ஒன்றில் சென்ற மழைக்காலத்தில் உயிரெழுத்து அட்டையைச் சுவரிலிருந்து உரித்தபோது, சரியாக அட்டையின் அளவுக்கே பின்னால் கரும்புள்ளிகள் அடர்ந்திருந்தன. கோடையில் அந்தச் சுவருக்குப் புது எமல்ஷன் அடித்தார்கள்; மேல்தளத்து விரிசலை யாரும் தொடவில்லை. இவ்வாண்டு மழை வலுத்ததும் பெயிண்ட் கொப்பளித்து, அதே இடத்தில் புள்ளிகள் மீண்டும் வந்துவிட்டன.

இவை பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற சாதாரணப் பூஞ்சணங்களே. இவற்றின் வித்துகள் வெளிக்காற்றில் எப்போதும் இருப்பதால், அவை நுழையாத வீடு என்று ஒன்றில்லை. பெயிண்ட், காகிதம், மரம், தூசு என அவற்றுக்கான உணவும் எல்லா வீட்டிலும் உண்டு. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றே: நனைந்த பரப்பு ஓரிரு நாளில் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈரக் கட்டடங்களில் வசிப்போரிடம் இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதை எடுத்துக்காட்டியதோடு, காற்றில் இத்தனை வித்துகள் வரை பாதுகாப்பு என்று எண் எதையும் வகுக்காமல், ஈரத்தைத் தடுப்பதையே வழியாகச் சொன்னது.

2021-க்குப் பிறகு சுவரில் கறுப்பாக எதைக் கண்டாலும் ‘கருப்புப் பூஞ்சை’ என்று அஞ்சுவோர் உண்டு. அந்நோய் வேறு வகைப் பூஞ்சைகளால் வருவது. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு சிகிச்சையும் சேர்ந்த கோவிட் நோயாளிகளையே அது பெரிதும் தாக்கியது. சுவர்ப் பூஞ்சணத்தால் பெரும்பாலோருக்கு வருவது தும்மலும் மூக்கடைப்பும் கண் அரிப்புமே. ஆனால் ஆஸ்துமா உள்ளவர் சிலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். நீடித்த இருமலும் எக்ஸ்ரேயில் தெரியும் நிழலும் காரணமாக அதைக் காசநோய் என்று கருதி, நம் நாட்டில் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கியவர்கள் உண்டு. சளியில் காசநோய்க் கிருமி இல்லாமல் இளைப்பு மட்டும் தொடர்ந்தால், ஒவ்வாமையைக் காட்டும் ஐ.ஜி.ஈ. ரத்தப் பரிசோதனையோடு, ‘வீட்டுச் சுவரில் ஓதம் உண்டா?’ என்றும் மருத்துவர்கள் கேட்பது நல்லது.

பூஞ்சணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டுவது வித்துகளை அறை முழுக்கப் பரப்பும் வேலை. முகக்கவசம் அணிந்து, சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து, சன்னலைத் திறந்து காயவிட வேண்டும். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும் என்பதால் அதன்மேல் பெயிண்ட் அடிப்பதில் பயனில்லை. ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்த பழைய சுவர்களில், சுண்ணாம்பின் காரம் பூஞ்சணத்தை எளிதில் ஒட்டவிடவில்லை; அந்தச் சுவர்கள் ஈரத்தை வெளியே விடவும் செய்தன. இதைச் சொன்னால் பழம்பெருமை பேசுவதாகச் சிரிக்கிறார்கள், போகட்டும்.

அங்கன்வாடி, பள்ளிக் கட்டடப் பராமரிப்பு மதிப்பீடுகளில், தளத்தின் விரிசல், அடைபட்ட மழைநீர்க் குழாய், சுவரடி ஓதம் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே வண்ணப்பூச்சுக்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அப்பணிகள் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே, மே மாதத்துக்குள் முடிய வேண்டும். மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர் கட்டடத்தை மழை பெய்யும் நாளில் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். வெயிலில் வந்தால் கசிவு எங்கே என்று அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.