அடுத்த பாருக்குக் கையெழுத்துப் போடும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

மதுவரி ஆணையாளர் நாயகம் அவர்களுக்கும், நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் டவுனுக்கு இன்னொரு மதுபானக் கடை வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிறது. உண்மையா, வெறும் வதந்தியா என்று யாரைக் கேட்பது? கிராம உத்தியோகத்தரைக் கேட்டால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள் என்கிறார். அங்கே போனால் மதுவரித் திணைக்களத்தில் கேளுங்கள் என்கிறார்கள். போன தடவை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை வந்தபோதும் இதே கதைதான். ஷட்டருக்கு பெயின்ட் அடித்தார்கள். பேக்கரி வருகிறது என்று பக்கத்து சலூன்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே கனமான கம்பி வலை அடித்தார்கள். பேக்கரிக்கு எதற்குக் கம்பி வலை என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் போத்தல் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன.

அதனால் இந்த முறை முன்கூட்டியே எழுதுகிறேன். நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பாடசாலையில் படிப்பிக்கிறவள். மது என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிற ஆளும் இல்லை. எங்கள் வீட்டில் நத்தாருக்கு உலர்ந்த திராட்சை போட்டு அம்மா ஊறவைக்கும் வைன் உண்டு. நானும் ஒரு கிளாஸ் குடிப்பேன். அது மதுவரிச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வரும் என்று தயவுசெய்து பார்க்க வேண்டாம். மலையில் நாளெல்லாம் மழையில் நனைந்துவிட்டு வருகிற மனிதன் மாலையில் கொஞ்சம் குடிப்பதைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனவே, மலையகத்தில் இருக்கிற பாரையெல்லாம் மூடுங்கள் என்ற வழக்கமான மனு என்று நினைத்து இதைக் கோப்புக்குள் தள்ளிவிடாதீர்கள்.

பீருக்கும் மலைநாட்டுக்கும் உறவு பழையது. 1849இல் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் நுவரெலியாவில் பண்ணை போட்டபோது கூடவே ஒரு பீர் ஆலையையும் தொடங்கினார். இன்றைய லயன் பீர் நிறுவனம் தன் பிறப்பை நுவரெலியாவில் 1881 என்று கணக்கு வைத்திருக்கிறது. ஆலை பிற்பாடு பியகமவுக்கு இறங்கிப் போய்விட்டது. குடிக்கும் நாகரிகத்தில் ஒரு பாதி மட்டும் நுவரெலியாவிலேயே தங்கிவிட்டது. 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இன்றைக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு டை கட்டித்தான் உட்கார வேண்டும். ஏப்ரல் சீசனில் பெரிய ஹோட்டல்களின் பார்களில் நெருப்பு மூட்டி, சோபா போட்டு, கிளாஸைக் குளிரவைத்துக் கொடுக்கிறார்கள். கூடவே பைட், கையைத் துடைக்கக் கடதாசி எல்லாம் உண்டு. அங்கே குடிக்கிறவர் உட்கார்ந்து, பேசி, சாப்பிட்டு, ஆறுதலாகக் குடிக்கிறார். கீழே கொழும்பிலிருந்து வந்து அதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் மலையகத்து பார் கலாசாரம் என்று அதைத்தான் எழுதுகிறார்கள். நல்லது, எழுதட்டும்.

நீங்கள் அதே மாவட்டத்தில், அதே சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கொடுத்திருக்கும் மற்றக் கடையையும் ஒரு தடவை வந்து பாருங்கள். மாதத்தில் 10ஆம் திகதியை ஒட்டி வந்தால் நல்லது. அன்றுதான் தோட்டத்தில் சம்பளம்.

அங்கே உட்கார இடமில்லை. கூரையிலிருந்து தரைவரை கம்பி வலை. நடுவில் ஒரு முழங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் விளிம்பு பல பேருடைய கைபட்டு பெயின்ட் போய்ப் பளபளவென்று இருக்கும். காசை முதலில் நீட்ட வேண்டும். பிறகுதான் போத்தல் வரும். உள்ளே நிற்கிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. என் வகுப்பில் படிக்கிற பையனின் கைக்கும் அவனுடைய மாமாவின் கைக்கும் அந்த ஓட்டை வழியாக என்ன வித்தியாசம் தெரியும்? வாங்கிய கால் போத்தலை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்கள் கடைக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குப் போகிறார்கள். சோடாவும் கிடையாது, சாப்பாடும் கிடையாது, பைப்புத் தண்ணீர்தான். சில பேருக்கு அதற்கும் பொறுமை இல்லை, அப்படியே அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். கடைசி பஸ் போய்விடும் என்ற அவசரம். பொது இடத்தில் குடித்தால் பொலிஸ் பிடிக்கும் என்ற பயம் வேறு. பெண்சாதியும் பிள்ளையும் பஸ் ஸ்டாண்டில் அரிசி, மாவு பைகளோடு நின்றுகொண்டிருப்பார்கள். அந்தப் பஸ்ஸில் மலைக்கு ஏறும்போது என்னவெல்லாம் நடக்கும் என்று நான் எழுத வேண்டாம். நடத்துநர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

ஆக, உங்கள் திணைக்களம் ஒரே மாவட்டத்தில் இரண்டு விதமாகக் குடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை கடை என்பதைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதுகின்றன, பாராளுமன்றத்திலும் அதைத்தான் பேசுகிறார்கள். அந்தக் கடை எங்கே இருக்கிறது, எப்படி விற்கிறது, ஊராரைக் கேட்டு வந்ததா என்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

விலையைக் கூட்டினால் குடி குறையும் என்பார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு வரிக்கு மேல் வரி போட்டாயிற்று. இப்போது தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம், 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபடி, அரசாங்கத்தின் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 1,550. ஒரு முழுப் போத்தல் சாராயத்துக்கு இரண்டு நாள் அடிப்படைச் சம்பளம் போதாது. அதற்காக யாரும் விட்டுவிடவில்லை. மூன்று பேர் சேர்ந்து பங்கு போடுகிறார்கள், இல்லாவிட்டால் கால் போத்தலுக்கு இறங்குகிறார்கள், அதுவும் முடியாதபோது கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்புக்குப் போகிறார்கள். 2018 வரவு செலவுத் திட்டத்தில், சாராயத்தை விட்டுவிட்டு ஆட்கள் பீருக்கு மாறட்டும் என்று பீருக்கான வரியைக் குறைத்தார்கள். யோசனை என்னவோ நல்லதுதான். ஆனால் எங்கள் பையன்கள் காசைக் கணக்குப் பார்த்து வாங்குவது 4.8 வீத லாகரை அல்ல, 8.8 வீத ஸ்ட்ரோங்கை. அதையும் வெறும் வயிற்றில், நின்றபடியே குடிக்கிறார்கள். உட்காரவும் சாப்பிடவும் இடமில்லாத கடையில் பீருக்கும் சாராயத்துக்கும் விலையில்தான் வித்தியாசம்.

கடையைக் கொடுக்காவிட்டால் கசிப்பு பெருகும் என்பது உங்கள் பக்கத்து நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2020இல் ஊரடங்கின்போது நாடு முழுவதும் மதுபானக் கடைகள் மூடிக் கிடந்தன. அப்போது எந்த ஆற்றோரத்தில் கசிப்புக் காய்ச்சக் கோடா ஊறியது, எந்தக் கானுக்குள் பீப்பாய் புதைந்திருந்தது என்று எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் சட்டக் கடை பக்கத்தில் இருந்தால் சட்டவிரோதம் ஒழியும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பௌர்ணமிப் போயா தினத்துக்கு முதல் நாள் பின்னேரம் வந்து பாருங்கள். உரப்பைகளில் கால் போத்தல்கள் டவுனிலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஆட்டோவில் ஏறுகின்றன. மறுநாள் நீங்கள் கடையை மூடியிருக்கும்போது, லயத்தின் கடைசிக் காம்பிராவில் அது பிளெக்கில் கூடுதல் விலைக்குப் போகும். கையில் காசில்லாதவனுக்குக் கடனும் உண்டு, அதற்கென்று கொப்பியும் உண்டு. 10ஆம் திகதி அந்தக் கொப்பிதான் முதலில் திறக்கப்படுகிறது. சரக்கு முழுக்க உங்கள் முத்திரை ஒட்டிய, வரி கட்டிய சரக்கு. சட்டக் கடை இவ்வளவு பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த வியாபாரம் இவ்வளவு சுலபமாக நடக்காது.

இந்த நாட்டில் குடிக்கடை விஷயத்தில் ஊராரைக் கேட்கும் வழக்கம் இருந்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1912இல் மதுவரிச் சட்டம் வந்து ஊர் ஊராகக் கள்ளுத் தவறணை திறக்கப் போனபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க எல்லாம் அந்த மதுவிலக்கு இயக்கத்தில் வளர்ந்து அரசியலுக்கு வந்தவர்கள்தான். அதன் பலனாக, தவறணை வேண்டுமா வேண்டாமா என்று அந்தந்த ஊராரிடமே வாக்கெடுத்துத் தீர்மானிக்கும் முறையும் வந்தது. 1920களில் பல தவறணைகள் அப்படித்தான் மூடப்பட்டன. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கேட்டார்கள், சுதந்திர நாட்டில் கேட்பதில்லை. 2024 டிசம்பரில் அந்த வருடம் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளியானபோது, யாருடைய சிபாரிசில் எது வந்தது என்று நாடே பேசியது. தேர்தல் வருடத்தில் பார் பெர்மிட் என்பது அரசியல் பரிசாகிவிட்டது என்று எல்லாக் கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். கடை வந்த ஊர்களின் சனங்களிடம் யாராவது கேட்டார்களா என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மலையகத்து மக்களைக் கேட்காமல் முடிவெடுப்பது புதிதில்லை என்பதும் எனக்குத் தெரியும். 1948இல் குடியுரிமையையே எங்களைக் கேட்காமல் எடுத்தார்கள். 2003இல் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்து மிச்சக் கணக்கும் தீர்ந்த பிறகு இன்று எங்கள் லயங்களிலும் பெரியவர்களுக்கு வாக்கு உண்டு. தேர்தலுக்கு எங்கள் வாசல்வரை வருகிற அரசாங்கம் இதற்கும் வரலாம்.

பெண்களைப் பற்றி தனியாகச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறவைத்தார். கொழும்பில் அது உரிமைப் பிரச்சினையாகி நீதிமன்றம்வரை போனது. போனது சரிதான், அந்தத் தடை பெண்களை அவமதிப்பதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் செய்தியைப் படித்தபோது என்னோடு படிப்பிக்கிற ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வாங்க விடாட்டியும் பரவாயில்ல டீச்சர், வாங்கிட்டு வர்றவன எங்க தலையில கட்டாம இருந்தா போதும்." கடையில் வாங்கத் தகுதியில்லாதவள் என்று சட்டம் சொன்ன அதே பெண்தான், அந்தக் கடையின் மிச்சத்தை இரவு லயத்தில் தாங்குகிறாள். கொழுந்து நிறுத்து, வேலை செய்த நாளுக்குப் பேர் போட்டு, அட்வான்ஸ் கழித்து வந்த காசில் எவ்வளவு அந்தக் கம்பி வலைக்குள் போனது என்று சரியான கணக்கும் அவளிடம்தான் இருக்கிறது. உங்கள் அதிகாரிகள் அறிக்கை எழுதும்போது பொலிஸைக் கேட்கிறார்கள், பிரதேச செயலாளரைக் கேட்கிறார்கள். இவளைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கடைக்கு விண்ணப்பம் வந்தால், கடை எங்கே, யார் பெயரில், எந்த வகை அனுமதி என்று ஓர் அறிவித்தலைத் தமிழில் ஒட்டுங்கள். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. செயலகத்துப் பலகையில் சிங்களத்தில் மட்டும் ஒட்டிவிட்டு ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று எழுதுவது நியாயமில்லை. அதை காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்திலும், கோயிலடியிலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் ஒட்டினால்தான் ஆட்கள் பார்ப்பார்கள். பிறகு ஒரு கூட்டம் வையுங்கள். வேலை நாள் காலை பத்து மணிக்கு வைத்தால் யாரும் வர முடியாது, அரை நாள் சம்பளம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வையுங்கள். பெண்கள் பேசுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். ஆண்களுக்கு எதிரில், அதுவும் கடைக்காரரின் ஆட்கள் பின்வரிசையில் நிற்கும்போது, எவள் எழுந்து பேசுவாள்? எழுதத் தெரியாதவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் வருவோம்.

ஏற்கெனவே இருக்கிற கடைகளுக்கும் வழி உண்டு. அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒன்று. புதுப்பிக்கும் முன், அந்தக் கடை அந்த வருடம் எப்படி நடந்தது என்று அதே கூட்டத்தில் கேட்கலாம். வயது பார்த்தார்களா, பின் சந்துக் குப்பையை யார் சுத்தம் செய்தார்கள், போயாவுக்கு முதல் நாள் ஒரே ஆளுக்கு எத்தனை போத்தல் கொடுத்தார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும்.

இதைக் கேட்டதும் சனங்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்வார்கள் என்று நீங்கள் பயப்படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஆட்களுக்கு இதில் நல்ல விவரம் உண்டு. சில பேர் புதுக் கடை வேண்டாம், இருப்பதே போதும் என்பார்கள். சம்பள நாளில் பின்னேரம் கொஞ்ச நேரமாவது கடையை மூடச் சொல்லிச் சிலர் கேட்கலாம். இளசுகள், உட்கார்ந்து மரியாதையாக ஒரு பீர் குடிக்கவும் இரண்டு இறைச்சித் துண்டு சாப்பிடவும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை. சந்தில் நின்று குடிப்பது அவர்களுக்கும் பிடித்தமானதல்ல. என்னிடம் கேட்டால், டவுனில் கம்பி வலைக் கடை இரண்டு இருப்பதைவிட, நாற்காலியும் கழிவறையும் சமையலறையும் உள்ள ஒரு பார் இருக்கட்டும் என்பேன். பாடசாலைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் தள்ளி இருக்கட்டும். என் சக ஆசிரியைகளில் பாதிப் பேர் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டையைக் கூட்டத்தில் வைத்துக்கொள்கிறோம்.

பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் பக்கத்தில் ஷட்டர் இறங்கிய இன்னொரு கடை அறையில் இப்போது மறுபடியும் பெயின்ட் வாசம் வருகிறது. அது பேக்கரியா, வேறு ஏதாவதா என்று எழுத்து மூலம், தமிழில், எங்கள் கிராம உத்தியோகத்தர் வழியாக அறியத் தாருங்கள். கூட்டத்துக்குத் திகதி குறித்தால் பாடசாலை மண்டபத்தை நாங்கள் ஒழுங்கு செய்கிறோம். நாற்காலி போதாது, வருகிற அதிகாரிகளுக்கு மட்டும் எப்படியாவது தேடி வைப்போம்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்

பிரதி: மாவட்டச் செயலாளர், நுவரெலியா