விதைக்கு முன்னாடி மண்ணைப் பாத்துருவோம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டு பரீட்சை லீவு விடறப்ப ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் எல்லா பிள்ளைகளுக்கும் கத்தரி, வெண்டை, கீரை விதை குடுத்துவிடப் போறோம், அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே இப்ப எதுக்கு லெட்டர்னு நெனைப்பீங்க, விதைக்கு நாள் தேவையில்ல, மண்ணுக்குத்தான் நாள் வேணும்.

போன வருஷம் ஸ்கூல் தோட்டத்துல நடந்ததை பிள்ளைக சொல்லியிருப்பாங்க. தோட்ட மண்ணுன்னு சொன்னாங்கன்னு ஒரு டிராக்டர் லோடு எறக்குனோம், மேலாக்க செவப்பா நல்லாத்தான் இருந்துச்சு, கிளறிப் பாத்தா உள்ள பூரா இடிச்ச வீட்டுக் காரை, சிமெண்ட் கட்டி, டைல்ஸ் துண்டு. அந்த சுண்ணாம்பு மண்ணை காரமாக்கிருச்சு, வெண்டை முளைச்சு நாலு எலை விட்டு மஞ்சளாகி அப்படியே நின்னுபோச்சு. தினம் காலைல வாளியத் தூக்கிட்டு ஓடுன பிள்ளைக மொகம் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. அதனால மண்ணை காசு குடுத்து வாங்காதீங்க ப்ளீஸ், வீட்ல இருக்கறதையே சரி பண்ணுவோம்.

நம்ம காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமெல்லாம் செம்மண்ணும் சரளையுமா இருக்கு. செவப்புக்குக் காரணம் இரும்பு, அது மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இறுக்கிப் புடிச்சுக்கிட்டு செடிக்கு லேசுல விடாது. மக்குன எலைதழை கம்மிங்கறதால பெய்யுற மழையும் மண்ணுல தங்காது, நாலு நாள் வெயிலடிச்சா ஓடு மாதிரி இறுகிரும். நம்ம பெரியவுக வளவு முற்றத்துலயும் ஊரணிலயும் மழைத்தண்ணியப் புடிச்சு வச்சாக இல்லையா, மக்கு இருக்கற மண்ணு அதே வேலையை செடி வேருக்குப் பக்கத்துலயே செய்யும்.

4 அடிக்கு 4 அடி எடம் போதும். ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி கல்லப் பொறுக்கிட்டு, நல்லா மக்குன சாணி எரு ரெண்டு சட்டியும் வேப்பம்புண்ணாக்கு ரெண்டு கைப்பிடியும் கலந்துவிடுங்க. பச்சை சாணி வேண்டவே வேண்டாம், அதோட சூட்டுல வேர் கருகிரும். கண்மாய் வண்டல் யாராவது முறையா அனுமதி வாங்கி அள்ளியிருந்தா ஒரு சாக்கு கேட்டு வாங்கிப் போடுங்க, அதுக்கு ஈடே கிடையாது. அப்புறம் தட்டப்பயறு, உளுந்து, கம்பு, எள்ளுன்னு அடுக்களைல இருக்கறதை எல்லாம் கலந்து நெருக்கமா தெளிச்சு, பூ வர்ற சமயம், சுமாரா 45 நாள்ல, அறுத்து அந்த மண்ணுலயே மடக்கிப் போட்டுருங்க. இயற்கை விவசாயம் பத்தி நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா போயி சொன்ன பலதானிய விதைப்புதான் இது. பயறு வகை வேர்ல இருக்கற முடிச்சு காத்துல உள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) இழுத்து வச்சுக்கும், அதெல்லாம் மண்ணுல மக்க இன்னொரு 15 நாள் விட்டா நம்ம விதை வர்றதுக்கும் கணக்கு சரியா இருக்கும். மாடி வீடு, வாடகை வீடுன்னா அடில ஓட்டை போட்ட பெயிண்ட் வாளி போதும், அதுக்கும் இதே கலவைதான், பயறு மட்டும் தெளிச்சாப் போதும்.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேக்குறேன், எலையக் கொளுத்தாதீங்க. காலைல ஸ்கூலுக்கு வர்ற வழியெல்லாம் வேப்பெலை, பூவரசெலை புகை, மண்ணுக்குப் போகவேண்டிய சாப்பாடு அது. மூணு இஞ்ச் கனத்துக்கு பாத்தி மேல மூடாக்கா பரப்பிவிட்டு ஈரம் காயாம பாத்துக்கிட்டா மண்புழு தானா வரும். காய்கறித் தோலு, டீத்தூளு, முட்டை ஓடும் போடலாம், எண்ணெய்ச் சோறு, கறி மிச்சம் போட்டா எலி வந்துரும்.

திங்கக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு வீட்டு மண்ணு கொண்டு வரணும். தண்ணி ஊத்தி குலுக்கி வைப்போம், ஒரு நிமிஷத்துல மணல் அடில தங்கும், கொஞ்ச நேரத்துல வண்டல், களிமண்ணு படிய மறுநாள் ஆகும், மக்கு மேல மிதக்கும். அவங்கவங்க வீட்டு மண்ணுல என்ன கொறையுதுன்னு பிள்ளைகளே பாத்து சொல்லட்டும். பெரிய தோட்டம் இருக்கறவுக குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல அரைக்கிலோ மண்ணு குடுத்து டெஸ்ட் பண்றதப் பத்தி விசாரிச்சுக்கங்க.

மண்ணுல வேலை பாத்துட்டு சோப்புப் போட்டு கை கழுவச் சொல்லுங்க, செருப்பில்லாம எறங்க விடாதீங்க. வீட்ல அப்பத்தா, ஆயா, ஐயா யார் இருந்தாலும் பிள்ளை கூட உக்காத்தி வைங்க, அவுகளுக்கு இது எங்களை விட நல்லாத் தெரியும்.

அன்புடன்,
தலைமையாசிரியை