கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லும் பெற்றோருக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தில் பட்டிருப்புப் பக்கம் தரம் 5 பிள்ளைகளை ரியூஷனுக்கு அனுப்பும் அம்மா அப்பாமாருக்கும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாமாருக்கும்,

வணக்கம். போன மாதம் பேத்தியைக் கூட்டிவர களுவாஞ்சிகுடியில் ஒரு ரியூஷன் வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா மகனை ஒப்படைத்துக்கொண்டே சொன்னா: "கண்ணை மட்டும் விட்டுட்டு எங்க வேணுமெண்டாலும் அடிங்க சேர், நான் ஒண்டும் கேக்கமாட்டன்." சேர் சிரித்தார். வாசலில் நின்ற நாங்களும் சிரித்தோம். பொடியன் மட்டும் மேசையைப் பார்த்தான், பிரம்பு எங்கே கிடக்கிறது என்று.

இதே வார்த்தையை முப்பது வருடம் நானும் கேட்டிருக்கிறேன். அப்போது சேர் நான். பூவரசங்கம்பு, அடிமட்டம், சில நாள் வெறுங்கை. அதனால் இது நல்லவன் ஒருவன் எழுதும் மடல் இல்லை.

ஒருநாள் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழெட்டு எவ்வளவு என்றேன். "ஐம்பத்தாறு சேர்." சரியான விடை. கரும்பலகையில் எழுத வெண்கட்டியை எடுக்கக் கையை நீட்டினேன். வெண்கட்டிக்குப் பக்கத்தில் கம்பு கிடந்தது. "இல்ல சேர், ஐம்பத்துநாலு." நான் திரும்பிப் பார்த்தேன். "ஐம்பத்தெட்டு... நாப்பத்தெட்டு சேர்..." எந்த எண்ணைச் சொன்னால் என் கை நிற்கும் என்று தேடிக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக அவன் என்னிடம் ஊன்றிப் படித்த பாடம் என் வலக்கைதான்.

அன்றைக்கே திருந்திவிட்டேன் என்றால் பொய். குறைத்தேன், அவ்வளவுதான். முழுதாக விட்டது, பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்ற கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்து, வேலை போய்விடும் என்ற பயம் பிடித்த பிறகுதான். பிரம்பால் பிள்ளைக்குப் புத்தி வரும் என்று நம்பிய எனக்கு ஒரு தாளைப் பார்த்துப் பயம் வந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. 2016இல் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபமும் அதையே மறுபடி சொன்னது. மாத்தறை மாவட்டத்தில் ஆசிரியர் அறைந்து காது கேளாமல் போன ஒரு மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்த்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் கொடுக்க வேண்டும் என்றது.

ஆனால் சுற்றுநிருபம் பாடசாலைப் படலையோடு நின்றுவிடும். தகரக் கொட்டிலில் நடக்கும் ரியூஷனுக்கு அதிபரும் இல்லை, வலயக் கல்வி அலுவலகமும் இல்லை. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்தினால் அது குற்றம் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவு சொல்கிறதுதான். முறைப்பாடு செய்ய வேண்டியவரே வாசலில் நின்று அனுமதி கொடுத்தால் அந்தப் பிரிவு யாருக்கு உதவும்?

"நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்று சொல்வீர்கள். இதைச் சொல்பவர்கள் எல்லாம் பரீட்சை எழுதி முடித்தவர்கள். அடிக்குப் பயந்து தரம் 7இல் கொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு மாடு சாய்க்கப் போனவன் பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை. என்னிடம் படித்தவர்களிலேயே அப்படி மூன்று பேர் போனார்கள்.

மகள் குவைத்தில் இருக்க, இரண்டு பொடியன்களை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும் அம்மம்மாமாரை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் சேரிடம் கேட்பது அடியை அல்ல, ஒரு ஆம்பிளைத் துணையை. அதற்கு வேறு வழி பார்க்கலாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை மாதக் காசு கொடுக்கும்போது, பிள்ளைக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்: "சேர், இவனுக்கு அடிக்க வேண்டாம். வீட்டுவேலை செய்யாட்டி எனக்குக் கோல் எடுங்க." பல சேர்மார் அடிப்பதே, அடிக்காவிட்டால் நீங்கள் வேறு ரியூஷனுக்கு மாற்றிவிடுவீர்கள் என்ற பயத்தில்தான். அதை எனக்கு ரியூஷன் நடத்தும் ஒரு தம்பி வாய்விட்டே சொன்னார். அப்புறம், வீட்டுக்கு வந்ததும் புள்ளியைக் கேட்பதற்கு முன் ஒருதரம் உள்ளங்கையைப் பாருங்கள். தடம் இருந்து, சேரோடு பேசியும் சரிவராவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைக்கலாம்.

நீங்கள் கூட்டம் வைத்தால் என்னையும் கூப்பிடுங்கள். என்னிடம் அடி வாங்கிய சிலர் இப்போது உங்களோடு பெற்றோராக இருக்கிறார்கள். அவர்கள் ஏதாவது கேட்க விரும்பினால் நான் முன்வாங்கில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒருவர்
களுவாஞ்சிகுடி