பி0171 வந்தால்

ஹட்டன்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகள் ஓ.எல். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள் என்றதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை.

சரி, கார் விஷயம். காரின் கோளாறுக் கோட்களைப் படிக்க நீ வாங்கிய புளூடூத் அடாப்டர் பி0171 என்ற கோட்டைக் காட்டியவுடனே, புகைக்குழாயில் இருக்கிற ஒக்சிஜன் சென்சர் மாற்ற ஓடாதே. எஞ்சினில் எரிகிற கலவையில் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்பதைத்தான் அந்தக் கோட் சொல்கிறது. ஏன் என்று சொல்லாது. சென்சர் பாவம், பார்த்ததைச் சொன்ன சாட்சி. சாட்சியையே பிடித்து உள்ளே போடுகிற வேலைதான் பாதிக் கராஜ்களில் நடக்கிறது.

ஸ்டியரிங்குக்குக் கீழே அடாப்டரைச் செருகுகிற அந்த 16 பின் சொக்கெட்டை அமெரிக்கா 1996இல் கட்டாயமாக்கியது. உன் கார் மாதிரி வண்டிகளில் பேச்செல்லாம் 6ஆம், 14ஆம் பின்களில்தான். அடாப்டர் கேட்கும், எஞ்சின் கம்பியூட்டர் பதில் சொல்லும். கூலன்ட் சூட்டைக் கேட்டால் 130 என்று வரும்; 40ஐக் கழித்தால் 90 டிகிரி. அந்தக் கழித்தலை உன் ஃபோனே செய்துவிடுகிறது.

காற்றழுத்தத்தையும் கேட்டுப் பார், எனக்குப் பிடித்த கணக்கு அது. கொழும்பில் 101 கிலோபாஸ்கல் அளவில் காட்டுகிற வண்டி நுவரெலியா ஏறியதும் 81 பக்கம் வந்துவிடும். காற்று மெலிந்தது தெரிந்து பெற்றோலையும் அதுவே குறைத்துக்கொள்ளும். அதனால் 'மலை ஏறினால் இந்தக் கோட் வரும்' என்று உன் கராஜ் பாஸ் சொன்னதை நம்பாதே.

எஞ்சின் சூடானதும் ஃபோனில் லைவ் டேட்டாவில் ஃபியூவல் ட்ரிம் பார்; கம்பியூட்டர் பெற்றோலை எத்தனை வீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. ஷோர்ட் (அந்த நேரத்துத் திருத்தம்), லோங் (நாள்பட்ட திருத்தம்) இரண்டையும் கூட்டு. வண்டி நிற்க எஞ்சின் சும்மா ஓடும் ஐட்லில் 20, 25 வீதம் என்று நின்று, 2500 ஆர்.பி.எம்மில் பிடித்ததும் நன்றாக இறங்கினால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. எயார் ஃபில்டருக்கு அப்பால் போகிற ரப்பர் ஹோஸைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார். வெடிப்பு மடிப்புக்குள்ளே இருக்கும், மேலால் தடவினால் அகப்படாது. ஆர்.பி.எம்மை ஏற்றிப் பிடிக்கும்போது ட்ரிம் இன்னும் கூடினால் பெற்றோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போகவேண்டும்.

அந்த பி0171 கோட் பதிவை மட்டும் இப்போதைக்கு அழிக்காதே. அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடும். கோட் விழுந்த நேரத்தில் என்ன வேகம், என்ன சூடு, எஞ்சினுக்கு எவ்வளவு லோட் என்பதெல்லாம் அதில்தான் கிடக்கிறது. அதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. ஹோஸ்தான் என்றால் சொல்லு, இங்கே ஒன்று தேடி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன் நண்பன்